சொடுக்கு இறாலுக்கு ஒரு வருஷம்

திருகோணமலை
03.09.1942

அன்புள்ள புஸ்பராணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சுகம் என்றால், நானே சமைத்து நானே சாப்பிட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளும். சித்திரையில் குண்டு விழுந்த கிழமை நீர் மாமாவோடு வள்ளம் ஏறிக் கட்டைபறிச்சானுக்குப் போனீர். ஐந்து மாதம் ஆகப்போகிறது. இப்போது ஊர் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. சந்தை கூடுகிறது, கோயிலில் பூசை நடக்கிறது. இங்கே வேலை செய்கிறவர்களின் மனைவிமாருக்கு உள்ளே வர பாஸ் கொடுக்கிறார்கள். நானும் உமக்கு ஒன்று கேட்டுப் போனேன். "உங்கட நிலையமே இருக்குமோ இல்லையோ தெரியாது, பிறகு பாப்பம்" என்று பாஸ் கொடுக்கிற கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். கொழும்பில் இருந்து கனகரத்தினம் என்று ஓர் அதிகாரி வந்திருக்கிறார். யுத்தச் செலவுக்குக் காசு போதாதாம். அதனால் பயனில்லாத சின்ன அரசாங்க நிலையங்களை மூடுவதற்காக ஊர் ஊராகப் பார்த்து வருகிறார். நெல் எவ்வளவு விளைகிறது என்று வயல்களையும் அவரே பார்க்கிறார். எங்கள் கடலுயிர் ஆராய்ச்சி நிலையமும் அவர் பார்க்கவேண்டியவற்றில் ஒன்று. நிலையம் என்றால் நானும், இரண்டு கண்ணாடித் தொட்டியும், ஒரு சின்ன வள்ளமும்தான் என்று உமக்குத் தெரியும். மூடினால் எனக்குச் சீனன்குடாவில் கிளாக்கர் வேலை தருவார்கள். நாங்கள் இருக்கும் இந்த வீட்டைக் கடற்படைக்காரர் எடுத்துக்கொள்வார்கள்.

நாலு வருஷமாக நான் என்ன பார்த்தேன் என்று அவருக்குச் சொல்லவேண்டும். விரல் நீளம்கூட வராத ஓர் இறால். ஒரு கை சின்னது, மற்றக் கை பெரியது. பெரிய கையால் விரல் சொடுக்குவதுபோலச் சொடுக்கும். கண் சரியாகத் தெரியாது. மணலில் வளை தோண்டி இருக்கும். அதே வளையில் ஒரு சின்ன மீனும் குடியிருந்து வாசலில் காவல் பார்க்கும். இறால் தன் மீசையை மீன் மேல் வைத்துக்கொண்டுதான் வெளியே வரும். மீன் வாலை ஆட்டினால் உள்ளே ஓடிவிடும். இரண்டும் எப்படிச் சேர்ந்தன, ஆர் ஆரைத் தேடிப் போனது என்பதுதான் என் கேள்வி. பதில் காண இன்னும் ஒரு வருஷமாவது வேண்டும்.

போன கிழமை துறைமுகத்தில் இருந்து இரண்டு துரைமார் வந்தார்கள். இந்த இறாலின் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். அவர்களுக்கு

(இந்த இடத்தில் இரண்டு வரி கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.)

மாமாவுக்கும் மாமிக்கும் என் வணக்கத்தைச் சொல்லும்.

உமது
கோணாமலை


கட்டைபறிச்சான்
11.09.1942

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் யன்னலோடு வந்து சேர்ந்தது. அதற்குள்ளால் எங்கள் மாட்டுப்பட்டி நன்றாகத் தெரிகிறது. அங்கிருந்து வெளியே வருகிற கடிதங்களைத்தான் வெட்டுகிறார்கள், இங்கிருந்து போவதை ஒருவரும் பார்ப்பதில்லை என்று அப்பா சொல்கிறார். ஆகையால் நான் துணிந்து எழுதுகிறேன். கடலுக்கு அடியில் என்ன கப்பல் வருகிறது என்று அந்தத் துரைமார் ஏதோ கருவி வைத்துக் கேட்கிறார்களாக்கும். கேட்டால் உங்கள் இறால்கள் சொடுக்குகிற சத்தம்தான் காதை அடைக்கிறது. எது எதிரி, எது இறால் என்று தெரியாமல் உங்களிடம் ஓடி வந்திருக்கிறார்கள். சரியா இல்லையா என்று நீங்கள் எழுதத் தேவையில்லை. உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். உங்கள் கனகரத்தினம் ஐயா நேற்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா ஊர் வயல்களுக்கெல்லாம் பொறுப்பான வட்டவிதானை என்பதால் வயல் பார்க்க வருகிற பெரிய ஆட்கள் எல்லாருக்கும் சாப்பாடு எங்கள் வீட்டில்தானே. மூதூர்க் களப்பில் பிடித்த இறால், ஒவ்வொன்றும் ஒரு சாண். முருங்கையிலை போட்டுக் கறி வைத்தேன். மனிசன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு பெரிய றாலை நான் கொழும்பில கண்டதில்லை" என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "திருகோணமலையில ஒரு இடம் பாக்கக் கிடக்கு. ஒரு மனிசன் அரசாங்கக் காசில றாலைப் பாத்துக்கொண்டு இருக்கிறாராம். மூடவேண்டியதுதான்" என்றார்.

சொதிச் சட்டியோடு நின்றபடியே, "ஐயோ ஐயா, அந்த மனிசன் பாத்தபடியால்தானே றால் இந்த அளவுக்கு வளந்தது" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா வாயில் வைத்த சோற்றோடு என்னைப் பார்த்தார். விருந்தாளிக்கு முன்னால் வீட்டில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். "ஓம் ஓம், முந்தியெல்லாம் நகத்தளவுதான்" என்றார் அப்பா. அம்மா அதோடு விடாமல், அவர் போத்தலில் குஞ்சு கொண்டுவந்து களப்பில் விடுகிறவர் என்றும் சொல்லிவிட்டார். கனகரத்தினம் ஐயா கை கழுவிவிட்டுப் பேனையை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் உங்கள் மனைவி என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் வந்தால் நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

உங்கள்
புஸ்பராணி


திருகோணமலை
15.09.1942

அன்புள்ள புஸ்பராணிக்கு,

உம்முடைய கடிதமும் கனகரத்தினம் அவர்களும் ஒரே நாளில் வந்தார்கள். கடிதம் பின்நேரம் வந்தது. அவர் காலையிலேயே வந்துவிட்டார்.

கையில் ஒரு பனையோலைப் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். கொழும்புக்கு இறால் கொண்டுபோகலாம் என்று எண்ணம். முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்க அந்த றால்?" என்று கேட்டார். நான் தொட்டியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது குஞ்சுதானே?"

"இல்லை ஐயா. முழுசா வளந்தது."

"களப்பில கொண்டுபோய் விடுறது?"

"நான் ஒண்டையும் ஒரு இடத்திலயும் விடுறதில்லை ஐயா. ஆர் சொன்னது?"

"கட்டைபறிச்சானில வட்டவிதானையாற்ற மகள்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ராணி, அந்த நேரத்தில் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வீடும் இருந்திருக்கும், நிலையமும் இருந்திருக்கும். அவர்கூட நான் ஓம் என்று சொல்லவேண்டும் என்றுதான் விரும்பினார் என்று நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை. "அது என்ர மனிசி ஐயா. என்னில உள்ள அன்பில சொல்லியிருக்கிறா. இந்த றாலைச் சாப்பிட ஏலாது, வளத்து விக்கவும் ஏலாது. என்ன பயன் எண்டு எனக்கே தெரியாது" என்றேன்.

"அப்ப ஏன் பாக்கிறீர்?"

"தெரியாதபடியால்தான் ஐயா."

நான் உண்மையாகத்தான் சொன்னேன். அவர் அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். மூதூர்ப் பக்கம் இன்னும் கொஞ்ச வயல் பார்க்க இருக்கிறதாம், அது முடிந்து கொழும்புக்குப் போகும்போது மூடுகிற கட்டளையையும் எழுதிவிடுவாராம். வெறும் பெட்டியை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

உமது
கோணாமலை


கட்டைபறிச்சான்
19.09.1942

அத்தானுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. வேண்டுமென்றுதான்.

கூரைத் தகரம் மாற்றுங்கள் என்றால் ஓம். உங்கள் தம்பி முருகையாவுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றால் ஓம். என்னிடம் எத்தனை ஓம் சொல்லி எதையும் செய்யாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த மனிசனிடம் ஒரே ஒரு ஓம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

என்னால் வெளியே தலை காட்ட ஏலாது. அப்பாவின் பாடு அதைவிட மோசம். நேற்று வயலில் எல்லாருக்கும் முன்னால் கனகரத்தினம் ஐயா வந்து, "என்ன வட்டவிதானையார், நெல்லையும் உங்கட மருமகன்தான் வளத்தவரோ?" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. அம்மா அப்பாவோடு பேசவில்லை.

சரி, பொய் சொல்ல மனம் இல்லை. உண்மையாவது சொல்லியிருக்கலாமே. துரைமார் உங்களைத் தேடி வந்தார்கள், உங்கள் இறால் யுத்தத்துக்கு உதவியிருக்கிறது என்று சொன்னால் அவர் பெட்டியைப் போட்டுவிட்டு உங்களைக் கும்பிட்டிருப்பார். ஏன் சொல்லவில்லை?

அந்த வீடு எனக்கு எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியுமா? குசினிக்குள் நின்று பார்த்தால் கடல் தெரிகிற வீடு இனி எனக்கு எங்கே கிடைக்கும்? நாலு வருஷம் உங்கள் ஈரச் சாரத்தையும் சேற்றுக் காலையும் சகித்தது அந்த வீட்டுக்காகத்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கென்று கருவாடு கட்டி வள்ளக்கார ஆதம்பாவாக் காக்காவிடம் கொடுத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் ஓடிப்போய்த் திருப்பி வாங்கிவிட்டேன்.

புஸ்பராணி


திருகோணமலை
23.09.1942

அன்புள்ள புஸ்பராணிக்கு,

கருவாடு இல்லாத கடிதம் கிடைத்தது. உம்முடைய கோபம் நியாயம். நீர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் முதல் கடிதத்தில் கத்தரி விழுந்த பிறகு, துரைமாரைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது ஒன்று. கையெழுத்து இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. யுத்தத்துக்கு உதவுகிறது என்று நிலையத்தைக் காப்பாற்றினால், யுத்தம் முடிந்த அடுத்த நாள் மூடிவிடுவார்கள். நான் இந்த இறாலைப் பார்க்கத் தொடங்கியபோது யுத்தமே இல்லை. அன்றைக்கு யாராவது வந்து, "கப்பலுக்கு உதவுகிற ஏதாவது கண்டுபிடி" என்று சொல்லியிருந்தால் நான் இறால் பக்கமே போயிருக்கமாட்டேன்.

அந்த மலேரியாக் காய்ச்சல் வருஷம் உமக்கு நினைவிருக்கும். தெற்கே சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. எந்த நுளம்பு, எந்தத் தண்ணீரில் முட்டை இடுகிறது என்று கேள்வி வந்தபோது பதில் கையில் இருந்தது. ஏனென்றால் அதற்குப் பல வருஷம் முந்தியே சிலர் ஆற்றுப் பள்ளங்களில் குனிந்து நின்று நுளம்புக் குஞ்சுகளை அள்ளிப் பார்த்திருந்தார்கள். அப்போது அவர்களைப் பார்த்தும் ஊர் சிரித்துத்தான் இருக்கும். எந்த முதலாளி அதற்குக் காசு போடுவான்? விற்க ஏலாத சாமான். எல்லாரும் சேர்ந்து கொடுத்தால்தான் அது நடக்கும்.

துரைமார் என்னைத் தங்களோடு வரச் சொன்னார்கள். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் அங்கே நான் காண்பதெல்லாம் பூட்டிய அறைக்குள் போகும், உமக்குக்கூடச் சொல்ல ஏலாது. இந்த நிலையத்துக்குக் காசு தருவது மாமாவைப் போன்ற ஆட்கள். ஆதம்பாவா சீனி வாங்கினாலும் அதில் ஒரு துளி வரியாக இங்கே வருகிறது. அதனால் நான் கண்டதை அவர் வந்து கேட்கலாம், நானும் சொல்லலாம். அவருடைய காசை வாங்கிக்கொண்டு, அதற்குக் கணக்குக் கேட்டு வந்தவருக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டேன். தொட்டியில் உள்ள இறால்களைக் கடலில் விடவேண்டும். இன்றைக்கு விடுகிறேன், நாளைக்கு விடுகிறேன் என்று தள்ளிப்போடுகிறேன். ஆனால் ராணி, ஒன்று சொல்லவேண்டும். இந்த நாலு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றைக்கு என்ன காண்பேனோ என்ற ஆசையோடு எழும்பினேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள், நீரும் பக்கத்தில் இருந்தீர். கிளாக்கர் வேலைக்குப் போனாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

உமது
கோணாமலை


கட்டைபறிச்சான்
29.09.1942

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ஒரு வேலை செய்துவிட்டேன். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பிப் போய் வள்ளம் எப்போது என்று விசாரித்து வந்தார். பிறகு, "நாளைக்கு ஆதம்பாவாவின்ர வள்ளத்தில கனகரத்தினம் போறார். வெளிக்கிடு" என்றார்.

விடிந்ததும் மூதூர்த் துறைக்குப் போனோம். வள்ளத்தில் என்னைக் கண்டதும், "ஆ, றால் வளத்த பிள்ளையோ?" என்றார் அவர்.

"ஓம் ஐயா. பொய் சொன்னனான். வீடு போகப்போகுது எண்ட பயத்தில சொன்னனான், மன்னிக்க வேணும்" என்றேன். சொன்ன பிறகு பாரம் இறங்கினதுபோல இருந்தது.

"அப்ப உம்மட மனிசன் சொன்னதுதான் சரி. ஒரு பயனும் இல்லை."

"பயன் இல்லை எண்டு அவர் சொல்லேல்லை ஐயா. தெரியாது எண்டுதான் சொன்னவர்."

அப்பா அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "குளக்கட்டுக்கு ஊர்ச்சனம் எல்லாம் மண் போடுறம் ஐயா. எந்த வருசம் ஆரின்ர வயலுக்குத் தண்ணி போகும் எண்டு கேட்டுப்போட்டோ போடுறம்?" என்றார். கனகரத்தினம் ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பாறைகளுக்குக் கிட்ட வந்தபோது காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்கிப்போய்விட்டது. வள்ளம் ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் நீங்கள் என்னை வள்ளத்தில் கொண்டுபோய்க் காதைப் பலகையில் வைக்கச் சொன்னீர்களே. அதையே அவரிடம் சொன்னேன். கோட்டும் தொப்பியுமாக இருந்த மனிசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைங்க ஐயா, கடிக்காது" என்றார் ஆதம்பாவாக் காக்கா.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வள்ளத்தின் அடியில் முழங்காலில் நின்று, காதைப் பலகையில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கோட்டு நனைகிறது என்று அப்பா சொன்னார். கையைக் காட்டி அப்பாவைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரிக் கிடக்கு. என்ன இது?"

"அந்த றால்தான் ஐயா. கீழ ஆயிரக்கணக்கில இருக்கு."

மறுபடி காதை வைத்தார். "ஏன் பிள்ளை இப்பிடிச் சொடுக்குது? ஒண்டை ஒண்டு கூப்பிடுதோ?"

"தெரியாது ஐயா."

"சண்டை பிடிக்குதோ?"

"தெரியாது."

"எல்லாத்துக்கும் தெரியாது எண்டால் ஆருக்குத்தான் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது ஐயா. அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் ஒரு மனிசனுக்குச் சம்பளம் குடுக்கிறியள். இப்ப நீங்களே கேக்கிறியள். அந்த இடத்தை மூடிப்போட்டு வாற மாதம் இதை ஆரிட்டக் கேப்பியள்?"

அவர் மறுபடி காதைப் பலகையில் வைத்துக்கொண்டார். எனக்கு, அளவுக்கு மிஞ்சிப் பேசிவிட்டேனோ என்று பயம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. காக்கா பாயை இழுக்கப் போனார். "கொஞ்சம் பொறும்" என்றார் கனகரத்தினம் ஐயா. நாங்கள் எல்லாரும் காற்றை விட்டுவிட்டு அவருக்காகக் காத்துக்கொண்டு இருந்தோம்.

துறைமுகத்தில் பாஸ் இல்லாததால் என்னையும் அப்பாவையும் இறங்க விடவில்லை. அவர் மட்டும் இறங்கிப் போனார். போகும்போது என்ன செய்வேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கடலில் நின்று எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். தகரம் இன்னும் மாற்றவில்லை. அந்தக் கூரைக்குக் கீழ் நீங்கள் ஒரு சட்டியைக் கருக்கிக்கொண்டு இருப்பீர்கள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

கோபம் போய்விட்டதா என்று கேட்கவேண்டாம். முக்கால்வாசி போய்விட்டது. இறால்களை இப்போது கடலில் விடவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். காக்காவிடம் கருவாடு தந்திருக்கிறேன்.

உங்கள்
புஸ்பராணி


திருகோணமலை
20.10.1942

அன்புள்ள புஸ்பராணிக்கு,

கட்டளை வந்துவிட்டது. நிலையம் இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கலாம். வீடும் இருக்கலாம்.

உணவு உற்பத்திக்கு என்று எழுதியிருப்பாரோ என்று முதலில் பயந்தேன். அப்படி ஒரு சொல்லும் இல்லை. யுத்தம் என்ற சொல்லும் இல்லை. இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு நேரே, "இப்போது சொல்ல முடியாது, அறியவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். மேலே இருக்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டும் எழுதியிருக்கிறார். நான் அவருடைய பனையோலைப் பெட்டியைத் துடைத்துப் பத்திரமாக அனுப்பிவைத்தேன்.

கட்டளையோடு தன் கையால் எழுதிய ஒரு துண்டும் வைத்திருந்தார். வள்ளத்தில் கேட்டதை வீட்டில் மனைவி பிள்ளைகளுக்குச் சொன்னாராம். அவருடைய கடைசி மகள் ஒரு கேள்வி கேட்டாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார். கேள்வி இதுதான்: இறால் நித்திரை கொள்ளுமா, நித்திரையிலும் சொடுக்குமா?

ராணி, நாலு வருஷம் பார்த்தேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வரவில்லை. தனிய இருந்து சிரித்தேன். பிறகு தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அதற்குக் கண் இமை இல்லை. அது நித்திரையா விழிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறால் நித்திரை கொண்டால் மீன் என்ன செய்யும்? அதுவும் நித்திரை கொண்டால் வாசலில் ஆர் காவல்? சோறு வைத்ததை மறந்துபோனேன். நீர் நினைத்ததுபோலச் சட்டி கருகித்தான் போனது.

பிள்ளைக்கு, "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் எழுதிப் போட்டுவிட்டேன். இனிப் பார்க்கவேண்டும். இறாலில் ஒரு கண், மீனில் ஒரு கண் வைக்க என்னால் ஏலாது. முயன்று பார்த்தேன், கழுத்துப் பிடித்துக்கொண்டது.

உமக்குரிய பாஸ் இதற்குள் இருக்கிறது. மாரி தொடங்கினால் வள்ளம் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையே வாரும். இறாலை நீர் பாரும், மீனை நான் பார்க்கிறேன்.

உமது
கோணாமலை